எந்த வால்வு என்று தெரிந்தவன்

வலப்பக்கம் திருகினால் இறுகும், இடப்பக்கம் திருகினால் கழலும், இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, அறுபத்தாறு வருஷமாகப் பாட்டில் மூடி திறக்கிறவனுக்கு இது தெரியாதா, ஆனால் மல்லாந்து படுத்து, தலையைச் சிங்க்கின் அடியில் இருக்கிற மர அலமாரிக்குள் நுழைத்து, பினாயில் பாட்டிலுக்கும் குப்பைக் கூடைக்கும் நடுவில் கழுத்தை வைத்துக்கொண்டு பார்த்தால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற அந்தக் குழாய்த் துண்டுக்கு எது வலம் எது இடம் என்று புத்திக்கு எட்டமாட்டேன் என்கிறது. தண்ணீர் முதலில் என் முழங்கையில் விழுந்து, கை வழியாக ஓடி அக்குளில் நுழைகிறது. சில்லென்று இருக்கிறது. இந்த வயதில் யாரும் என் அக்குளைத் தொட்டதில்லை, தண்ணீர் தொடுகிறது. மார்மேல் சாய்த்து வைத்திருக்கிற செல்போனில் ஒருவன் மஞ்சள் கையுறை மாட்டிக்கொண்டு, ஐந்தே நிமிடம், பிளம்பருக்காகக் காத்திருக்காதீர்கள், நீங்களே செய்யலாம் என்று சிரிக்கிறான். அவன் சிங்க்கின் அடியில் குப்பைக் கூடை இல்லை, கரப்பான் இல்லை, சுவரில் பாசி இல்லை. அவன் படுக்கவும் இல்லை. குழாயை மேஜைமேல் கழற்றி வைத்துக்கொண்டு பேசுகிறான். மேஜைமேல் வைத்தால் நானும் செய்வேன். காலையில் கடையில் வாங்கிய பித்தளைத் துண்டில் இதோடு நாலாவது தடவை அந்த வெள்ளை டேப்பைச் சுற்றி மாட்டுகிறேன், நாலாவது தடவையும் திருகத் திருக டேப் நூல் நூலாகப் பிரிந்து வெளியே வருகிறது, தண்ணீரும் கூடவே வருகிறது. வாளி முக்கால் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்குள் நிற்க வேண்டும். கீழ்வீட்டு ஜெசிந்தா டீச்சர் காலையில் மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். சண்டை போடவில்லை, அவருக்குச் சண்டை போடத் தெரியாது, இங்கிலீஷ் பாடம் நடத்திய பழக்கத்தில் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். அவர் சமையலறைச் சுவரில் தண்ணீர் இறங்கி சுவிட்ச்போர்டுக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்கிறதாம். தனியாக இருக்கிற மனுஷி. ஈரக் கையோடு மிக்ஸி போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன், நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். நேற்றே ஒரு பிளம்பரை வரவழைத்துவிட்டோம், செல்போனில் பொத்தானை அமுக்கினால் வருகிறார்களே அந்த மாதிரி. பனியனில் கம்பெனி பெயர் போட்ட ஆள், ஷூவைக்கூட வாசலில் கழற்றி வைத்தான், மரியாதையான ஆள்தான். சுவரைத் தட்டினான், காதை வைத்தான், லைன் எல்லாம் உள்ளே போகிறது சார், எந்த வால்வு எதற்கென்று தெரியவில்லை, கிரானைட்டை எடுத்துவிட்டுச் சுவரை உடைத்தால்தான் ஆகும், நாலு நாள் என்றான். சுலோச்சனா உடனே உடைக்கட்டும் என்றாள். முப்பத்தேழு வருஷத்தில் அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை, சமையலறையை உடைக்கச் சரி சொன்னாள். ஏனென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். வேண்டாம், நானே பண்ணுகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டேன். சுவரை உடைக்காமல் இதைச் சரி செய்யத் தெரிந்தவன் இந்தக் கோயமுத்தூரில் ஒருத்தன் இருக்கிறான். இந்தக் கட்டடத்துக்குக் குழாய் போட்டவனே அவன்தான். அவன் பெயரை இந்த வீட்டில் ரெண்டு வருஷமாக யாரும் சொல்வதில்லை. காலையில் ஸ்பானரோடு நான் கீழே உட்கார்ந்தபோது சுலோச்சனா பின்னால் வந்து நின்று, அவனைக் கூப்பிடப் போறீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நிம்மதியாகப் போய் ஹாலில் உட்கார்ந்துகொண்டாள்.

சென்னியப்பன். சொல்லிவிட்டேன், அலமாரிக்குள், பினாயில் பாட்டிலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வரலட்சுமி நோன்புக்கு மறுநாள் சனிக்கிழமை வந்தான், இதே சிங்க், இதே குழாய்த் துண்டு. உள்ளே திருகு மரை தேய்ந்துவிட்டது சார், பித்தளை வாங்கணும், இப்போதைக்குப் பிளாஸ்டிக் ஒன்று போட்டுவிட்டுப் போகிறேன், திங்கக்கிழமை வந்து மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை சுலோச்சனா நகைப்பெட்டியைத் திறந்தாள், செயின் இல்லை. நோன்பன்றைக்கு அம்மன் முகத்துக்குச் சாத்தியிருந்த மூன்று பவுன் செயின். பூஜை முடிந்து கழற்றினேன், மிக்ஸி பக்கத்தில் மேடைமேல் வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றாள். மேடைக்குப் பக்கத்தில் நின்றவன் அவன் ஒருத்தன். எங்கள் வீட்டு வழக்கப்படி, மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் அம்மனைக் கலசத்தோடு தூக்கி அரிசி டிரம்முக்குள் ஒருநாள் வைப்போம், வருஷம் முழுக்க அரிசி குறையாது என்று. டிரம்மையும் கவிழ்த்துப் பார்த்துவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்டேன், அது என் கணக்கில் இருக்கட்டும். அம்மன் இருந்த அரிசியைக் கவிழ்க்கக் கூடாது என்றாள். மேலாகக் கையை விட்டு ஒரு துழாவு துழாவினேன். சரி என்றேன். அந்த வாரமே புது மூட்டை வந்தது, அதன் மேலேயே கொட்டினோம்.

திங்கட்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு வந்தான். நான் பார்க்கிங்கிலேயே மறித்தேன். அப்போது நான் அபார்ட்மெண்ட் சங்கத்துச் செக்ரட்டரி. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்த்தவன் வேறு, எரிந்த கடை தானாக எரிந்ததா, செத்த மாடு இந்த மாடுதானா என்று பார்ப்பதுதான் வேலை, எதிரே நிற்கிறவன் பொய் சொல்கிறான் என்று ஆரம்பித்தால்தான் எனக்குச் சம்பளம். அதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பா நினைச்சுக்காதப்பா, பையைக் கொஞ்சம் காட்டு என்றேன். வாட்ச்மேன் இருந்தார், மூன்றாம் மாடிக்காரர் காரைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார், டீச்சர் பால் வாங்கிக்கொண்டு நின்றார்.  நான் தொடுவதற்கு முன்னால் அவனே பையைக் கவிழ்த்தான். ஸ்பானர், பிளேடு, டேப் உருண்டை, எங்கள் வீட்டுக்கென்று வாங்கிவந்த பித்தளைத் துண்டு, டிபன் டப்பா. டப்பாவையும் திறந்து காட்டினான். நான் கேட்கவில்லை, அவனாகத் திறந்தான், தக்காளிச் சோறு, ஓரத்தில் ஒரு வடகம். அதைத்தான் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் மட்டும், அவர் எடுத்ததை நீங்க பார்த்தீங்களா சார் என்று கேட்டார். பார்க்காமல் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறேன் டீச்சர் என்று சொன்னேன். என்ன பதில். போலீசுக்குப் போகவில்லை, அதைப் பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போட்டேன், மேற்படி நபரை இனிமேல் யாரும் உள்ளே விட வேண்டாம் என்று. மேற்படி நபர். எங்கள் தெருவில் இருக்கிற மற்ற மூன்று அபார்ட்மெண்டிலும் செக்ரட்டரிமார் எனக்குத் தெரிந்தவர்கள்தான், அவர்களுக்கும் அனுப்பினேன். பொருட்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான், பித்தளைத் துண்டும் அவனோடு போயிற்று. இப்போது விரிசல் விட்டு, நான் கழற்றி வாளிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேனே, அது அவன் ரெண்டு நாளைக்கென்று போட்ட பிளாஸ்டிக். ரெண்டு நாளைக்குப் போட்டது ரெண்டு வருஷம் தாங்கியிருக்கிறது.

வாளி வழியப் போகிறது. வெளியே தவழ்ந்து வந்து, கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, திரும்பவும் நுழைகிறேன். முட்டி கத்துகிறது. மொட்டைமாடி வால்வை மூடினால் தண்ணீர் நிற்கும் என்று வீடியோக்காரன் சொல்கிறான், உங்கள் வீட்டு வால்வு எது என்று உங்களுக்கே தெரியும் என்கிறான். ஒன்பது மணிக்குப் போய் ஒன்றை மூடினேன், மூன்றாம் மாடிக்காரர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு படியில் நின்று கத்தினார். இன்னொன்றை மூடினேன், ஒன்றுமே ஆகவில்லை. ஏழு வால்வு, ஏழும் ஒரே மாதிரி. சென்னியப்பன் இருந்தவரைக்கும் எது எதற்கென்று யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. அந்த வருஷமே நவம்பர் மாதம், சுலோச்சனா ஓசூரில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள், நான் எனக்கு ஒரு டம்ளர் அரிசி எடுக்க டிரம்முக்குள் கையை விட்டேன், அடி மட்டத்தில், விரலில் ஏதோ சுற்றிக்கொண்டது. பூரான் என்று கையை உதறினேன். செயின் தரையில் விழுந்தது. மேடைமேல் கழற்றி வைத்தது அதற்கு முந்தைய வருஷமாக இருக்கும், அந்த ஞாபகத்தை எடுத்து இந்த வருஷத்துக்குப் போட்டுக்கொண்டாள், செயின் அம்மனோடேயே டிரம்முக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. சாமியே கொடுத்துருச்சு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வெளிய சொல்லிராதீங்க, அவன் வந்து வாசல்ல நின்னு கத்துனா என்ன பண்றது என்றாள். பொங்கலுக்கு முன்னால் அதை உருக்கி வளையலாக்கிக்கொண்டாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், குரூப்பில் ஒரே ஒரு வரி, செயின் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று, இப்படித்தான் ரெண்டு வருஷமாக அவள் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறேன். அது பொய். அவள் சொல்லாதீங்க என்றபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது தடவை. டேப்பைச் சுற்று, இறுக்கு, பிரி, ஒழுகு. போன ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனோம். காக்கிச் சட்டையில் ஒருத்தன் விசில் ஊதி, வாங்க சார், பின்னாடி வாங்க, இன்னும் வாங்க என்று கையைக் காட்டினான். கண்ணாடியில் பார்த்தேன், அவன். அவனும் பார்த்தான். விசில் நிற்கவில்லை, கை நிற்கவில்லை, எல்லாக் காருக்கும் காட்டுகிற மாதிரியே எனக்கும் காட்டினான். நான் அப்படியே வண்டியை முன்னால் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூட்டமா இருக்கு என்று சுலோச்சனாவிடம் சொன்னேன். ஆமாங்க என்றாள். அவளும் பார்த்திருப்பாள். குழாய் போட்டவன் விசில் ஊதுகிறான், கிளெய்ம் பார்த்தவன் சிங்க்கின் அடியில் கிடக்கிறான். நான் ஏன் இதை நானே செய்ய வேண்டும் என்று அடம் பிடிக்கிறேன். கற்றுக்கொள்கிற ஆசையா, சிக்கனமா, ஒரு மண்ணும் இல்லை. இதைச் சரி செய்துவிட்டால் அவன் தேவையில்லை என்று ஆகிவிடும், அவன் தேவையில்லை என்றால் அவனுக்கு நடந்ததும் அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று ஆகிவிடும், இந்த வயதிலும் புத்தி இப்படித்தான் கோணலாகப் போகிறது. சுவரை உடைத்தாலும் அதே கதைதான், நாலு நாள் தூசியில் உட்கார்ந்துகொண்டு அவனைக் கூப்பிடாமல் இருக்கலாம். கீழே டப்பென்று ஒரு சத்தம். டீச்சர், சார் என்று கூப்பிட்டார், ஒரே ஒரு தடவை. எழுந்ததில் தலை அலமாரியில் இடித்தது. ஜன்னலில் எட்டிக் கேட்டேன். ஒண்ணும் இல்ல சார், போர்டுல பொறி வந்துச்சு, நான் ஹாலுக்கு வந்துட்டேன் என்றார்.   செல்போனில் சென்னியப்பன் பெயர் இன்னும் இருந்தது. நான் அழிக்கவில்லை, ஏன் அழிக்கவில்லை என்றும் யோசித்ததில்லை.

கூப்பிட்டேன். மூன்றாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம். "சொல்லுங்க செக்ரட்டரி சார்" என்றான். அவனும் என் நம்பரை அழிக்கவில்லை. என்ன சொன்னேன் என்று கோர்வையாக ஞாபகமில்லை, ஒழுகுது, டீச்சர், பொறி, எதை மூடுவது என்று தெரியவில்லை என்று உளறினேன்.  ஒரு கார் பின்னால் வருகிற பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் அங்க வரமாட்டனுங்க சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும். "டீச்சர மெயின ஆஃப் பண்ணச் சொல்லுங்க மொதல்ல. போனக் காதுலயே வெச்சுக்கங்க. நான் சொல்றேன், நீங்க செய்யுங்க."

டீச்சருக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு மாடியேறினேன். அந்த ஏழு வால்வையும் விட்டுவிடச் சொன்னான். தொட்டிக்குக் கிழக்கே, சுவரோரமாகத் தனியாக ஒன்று இருக்கும், பார்த்தால் வால்வு மாதிரியே தெரியாது என்றான். தெரியவில்லைதான், நான் செக்ரட்டரியாக இருந்தபோது சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளை அடிக்க வைத்திருந்தேன். மூடினேன். கீழே வந்தேன். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டு, நிதானமா வாங்க சார், தண்ணி நின்னாச்சு, இனி அவசரம் இல்லீங்க என்றான். டேப்பை எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்று கேட்டான். சொன்னேன். மரை இருக்கிற வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கடிகார முள் போகிற பக்கம் சுற்றுங்கள், பன்னிரண்டு சுற்று, இழுத்துச் சுற்றுங்கள் என்றான். பித்தளைத் துண்டைக் கழற்றி எடுத்து, அப்படியே சுற்றினேன். திரும்பவும் படுத்து நுழைந்தபோது எது வலம் எது இடம் என்று மறுபடியும் குழம்பியதைச் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையால் திருகுங்கள் சார், கைக்குத் தெரியும் என்றான். கண்ணை மூடினேன். மரை வாயில் உட்கார்ந்து, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று உள்ளே போவது விரலில் தெரிந்தது. போதும், ஸ்பானரில் ஒரே ஒரு சுற்று, மேலே போனா ஒடஞ்சுரும் என்றான். இவ்வளவு பொறுமையாக எனக்கு எவரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. மாடிக்குப் போய்த் திறந்துவிட்டு வந்து, படுத்து, சுவர் முனையில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"நின்னுருச்சுங்களா?"

நின்றுவிட்டது சென்னியப்பா என்றேன். ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. இப்போது சொல்ல வேண்டும். நாலே வார்த்தை, செயின் வீட்டிலேயே இருந்தது சென்னியப்பா, அதற்குப் பிறகு அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வந்து வாசலில் நின்று கத்தட்டும், குரூப்பில் நானே போடுகிறேன், மூன்று அபார்ட்மெண்டுக்கும் நானே நடந்து போய்ச் சொல்கிறேன். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சுலோச்சனா தரையைத் துடைக்க மாப்போடு வந்து நிலைப்படியில் நின்றாள். யாரோடு பேசுகிறேன் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றான். "அம்மாவோட அந்தச் செயினு, அப்புறம் கெடச்சுதுங்களா?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். ரெண்டு வருஷமாக அவனும் தேடிக்கொண்டிருந்திருக்கிறான், அன்றைக்கு எங்கே வைத்திருப்பார்கள், எங்கே விழுந்திருக்கும் என்று. சுலோச்சனா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தலையாட்டவில்லை, வேண்டாம் என்று கண் காட்டவும் இல்லை. இந்தத் தடவை அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

"இல்லப்பா. கெடைக்கல" என்றேன்.

"செரிங்க" என்றான். அந்தக் குழாயில் ரெண்டு நாளைக்குக் கை படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்டி வருதுங்க சார் என்று வைத்துவிட்டான். சுலோச்சனா குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் நகராமல் நின்ற இடத்தைச் சுற்றித் துடைத்தாள். கீழேயிருந்து டீச்சர் கூப்பிட்டார். சுவரில் இறங்குவது நின்றுவிட்டது, ரொம்ப தேங்க்ஸ் சார், யார் வந்து பண்ணினாங்க, நல்ல ஆளா இருந்தா நம்பர் குடுங்க, எனக்கும் வேலை இருக்கு என்றார். ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அவர் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

"யாரும் வரல டீச்சர்" என்றேன். "நானே பண்ணிட்டேன்."